சந்தனப் பொட்டு வைத்த சிடி

போன வாரம் எங்கள் பத்திரிகையின் தென்காசி அலுவலகத்திலிருந்து சுபா போனில் பேசினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்த நிருபர்.

“பகவதியக்கா, பழைய லினக்ஸ் பெட்டியில ஒரு சிடி மாட்டிக்கிட்டு. பட்டனை அமுக்கி அமுக்கி விரலே வலிக்கு. ஸ்க்ரூடிரைவர விட்டு நெம்பிரட்டுமா?”

“நெம்பாத. கைய எடு மொதல்ல.”

இப்போது வாங்கும் கம்ப்யூட்டர்களில் சிடி போட இடமே கிடையாது. அலுவலகத்தில் மிச்சமிருப்பது அந்த ஒரு பெட்டிதான். அதையும் பழைய சாமானுக்குப் போடப்போகிறார்கள். அதற்கு முன்னால் பீரோவில் இருக்கும் படச் சிடிகளை எல்லாம் நகல் எடுக்கச் சொல்லி சுபாவிடம் விட்டிருக்கிறார்கள்.

திறக்க மாட்டேன் என்கிற டிரைவ் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்காது. ஏதோ ஒரு நிரல் அந்தச் சிடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிடி இருக்கும்வரை லினக்ஸ் கதவைத் திறக்காது. பிடித்திருப்பது யார் என்று கேட்கும் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். படம் பார்க்கும் நிரல் ஒன்று, ஜன்னலை மூடிய பிறகும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, சிடியோடு இருந்த தொடர்பைத் துண்டித்து, அதாவது அன்மவுண்ட் செய்து, ‘எஜெக்ட்’ என்று அடிக்கச் சொன்னேன். தட்டு வெளியே வரும் சத்தம் போனிலேயே கேட்டது.

“வந்துட்டுக்கா! ஆனா சிடியில மஞ்சளா ஒரு கறை இருக்கு. பாசி புடிச்சிருக்கு போல.”

“எந்தப் பக்கம்?”

“மினுங்குத பக்கம்.”

“அது பாசி இல்ல. சந்தனம்.”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இதையெல்லாம் எழுதித் தாருங்கள் என்று கேட்டாள். செய்முறையை மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அந்தச் சந்தனத்தைச் சொல்லாமல் எழுத முடியவில்லை.

நான் பிழை திருத்துபவராகச் சேர்ந்தவள். நிர்வாகம் கம்ப்யூட்டர்களை எல்லாம் லினக்ஸுக்கு மாற்றியபோது, மாட்டேன் என்று சொல்லாதவர்களைத் திருநெல்வேலிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது நான் படப்பிரிவின் சிஸ்டம் ஆபரேட்டர். பயிற்சியில் கற்றது கொஞ்சம். மீதி முழுவதும் சங்கரலிங்கம் சாரின் கேள்வியில் கற்றது.

சார் படப்பிரிவின் பொறுப்பாளர். நெகட்டிவ் காலத்து ஆள். குரலை உயர்த்த மாட்டார். எதை யார் வந்து சொன்னாலும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்: “பாத்துச் சொல்லுதியா, நெனச்சுச் சொல்லுதியா?” சிடி செத்துவிட்டது என்று நான் சொன்னால் அவர் ஏற்க மாட்டார். லினக்ஸின் உள்மையமான கர்னல் என்ன பிழைச்செய்தி எழுதியிருக்கிறது, இன்னொரு டிரைவில் போட்டாயா, வேகத்தைக் குறைத்தாயா என்று வரிசையாகக் கேட்பார். லினக்ஸில் ஒரு கட்டளைகூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் கேள்வி சரியான இடத்தில் வந்து விழும்.

ஒருமுறை விளம்பரக்காரர் ஒருவர் கொடுத்த சிடி, டிரைவுக்குள் போனதும் தடதடவென்று அடித்தது. எங்கள் போட்டோகிராபர் காஜா வாசலில் நின்றபடியே கேட்டார்.

“ஏக்கா, உள்ள மிக்ஸி ஓடுதா? எனக்கும் சேத்து ஒரு சட்னி அரைச்சிருங்க.”

சாரல் காலத்து ஈரத்தில் சிடியின் மேல் ஒட்டியிருந்த காகித லேபிள் ஒரு ஓரமாகப் பிரிந்து, சுழற்சியில் உரசிக்கொண்டிருந்தது. டிரைவ் போயிற்று என்று நான் நினைத்தேன், சார் கேட்டார், பார்த்தேன், காகிதம். அன்றிலிருந்து எந்தச் சிடியையும் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் உள்ளே போடுவதில்லை.

காஜா அப்படிப் பார்ப்பவர் அல்ல. படம் எடுப்பதில் அவரைப் போல ஒருவரை நான் கண்டதில்லை. எடுத்த பிறகு அந்தப் படம் எங்கே போகிறது என்பது அவர் கவலை இல்லை. கேமரா கார்டைக் கொடுப்பார், நான் சிடியில் எழுதியதும் கார்டை அழித்து எடுத்துக்கொள்வார். அச்சான படம் மட்டும் தலைமை அலுவலகத்தில் இருக்கும். மற்றவை எங்கள் பீரோவில் மட்டும்.

ஓர் ஆடி மாதம் குற்றாலம் பேரருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. காஜா வேறு ஏதோ வேலையாக அங்கே போயிருந்தார். தண்ணீர் செம்மண் நிறமாக மாறி விழுந்த கணம், கயிற்றைப் பிடித்துத் தொங்கியவர்கள், கரைக்கு இழுத்தவர்கள், எல்லாம் எடுத்தார். ஒரு படம் முதல் பக்கத்தில் வந்தது. அந்த வருடத்தின் சிறந்த படம் என்று நிர்வாகம் பாராட்டியது. இழுத்துச் செல்லப்பட்டவர்கள் யாரும் இல்லை என்றுதான் முதலில் செய்தி போட்டோம். மறுநாள், அச்சன்புதூர்க்காரர் ஒருவரைக் காணவில்லை என்று உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி. அதோடு நின்றுவிட்டது.

சில வருடங்கள் கழித்து, ஒரு நாள் காலையில் அந்த அச்சன்புதூர்க்காரரின் மனைவி எங்கள் அலுவலகப் படியேறி வந்தாள். பெயர் இசக்கி. கையில் மடிப்பு கிழியாமல் வைத்திருந்த எங்கள் முதல் பக்கம்.

“இந்தப் படத்த எடுத்தவிய இங்கன இருக்காவளா?”

காஜா எழுந்து நின்றார்.

“இதுல கயித்தப் புடிச்சிருக்காவள்லா, முதுகு காட்டிக்கிட்டு. அது எங்க வீட்டுக்காரர் மாதிரி இருக்கு. அந்த ஊதாக்கரைத் துண்டு எங்க வீட்டுதுதான். மொகம் தெரியுத படம் இருந்தாக் காட்டுங்க அண்ணாச்சி.”

உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். அன்றைக்கு இருவரும் குளிக்கப் போயிருக்கிறார்கள். அவர் எண்ணெய் மசாஜுக்கு உட்கார்ந்தார். இவள் பெண்கள் பக்கம் போனாள். தண்ணீர் வந்ததும் ஓடிவந்து தேடினாள். அவருடைய செருப்பு மட்டும் படியில் கிடந்தது. பையும் இல்லை, ஆளும் இல்லை. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

“போலீசுல, அவன் எங்கயாவது ஓடிருப்பாம்மாங்காவ. தாலுகா ஆபீசுல, பொணம் இல்லாம சர்ட்டிபிகேட் தர முடியாதுங்காவ. எங்க அத்தை, நாந்தான் கூட்டிட்டுப் போயி தண்ணிக்குள்ள தள்ளிட்டேங்காவ. வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு மாமா எள்ளுந்தண்ணியும் விடுதாவ, எங்கழுத்துல தாலியும் கெடக்கு. இருக்கவனுக்கும் நான் பொண்டாட்டி இல்ல, செத்தவனுக்கும் இல்ல. அவிய தண்ணிக்குள்ள நின்னதுக்கு ஒரு சாட்சி இருந்தா கோர்ட்டுல கேக்கலாம்னு வக்கீல் சொல்லுதாவ.”

கணவன் வெள்ளத்தில் நின்ற படத்தைக் கேட்டு ஒரு பெண் நிற்பாள் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. சார் பீரோ சாவியைக் காஜாவிடம் கொடுத்தார். காஜா அவசரத்தில் சிடியை உறையிலிருந்து உருவி, திருப்பிக்கூடப் பார்க்காமல் முன்னறை கம்ப்யூட்டரில் போட்டார்.

டிரைவ் அலறியது. லேபிள் பிரிந்த சத்தம் இல்லை இது. கல்லும் மண்ணும் அரைபடுகிற சத்தம். திரையில் கோப்புகளின் பெயர்கள் மட்டும் வந்து நின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் சின்னப் படம் காட்ட முயன்று, நிரல் டிரைவை விடாமல் விரட்டிக்கொண்டிருந்தது. படிக்க முடியாத சிடியை அதைவிடச் சீக்கிரம் கொல்ல வேறு வழி கிடையாது. நான் அந்த நிரலை நிறுத்தினேன். அன்மவுண்ட் ஆயிற்று. ‘எஜெக்ட்’ அடித்தேன். உள்ளே ஒரு முனகல், அவ்வளவுதான். பிடிப்பவர் யாரும் இல்லை. ஆனாலும் தட்டு நகரவில்லை.

மின்சாரத்தை நிறுத்தினேன். டிரைவின் முகப்பில் ஊசி நுழைகிற அளவில் ஒரு துளை இருக்கும். காகிதம் கோக்கும் கிளிப்பை நிமிர்த்தி, நேராக உள்ளே விட்டு, மெல்ல அழுத்தினேன். தட்டு கொஞ்சம் வெளியே வந்தது. விரலால் இழுத்தேன்.

தட்டு முழுவதும் சிவப்பு. இசக்கி “ஐயோ” என்று பின்னால் போனாள். நான் தொட்டுப் பார்த்தேன். குங்குமம்.

சிடியைத் திருப்பினேன். மினுங்கும் பக்கத்தில், வெளி ஓரமாக, கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம் உதிர்ந்த தடம். காய்ந்து, பாதி உடைந்து, உடைந்த துண்டுகள் சுழற்சியில் சிடியைக் கீறியிருந்தன.

எங்கள் அலுவலகத்தில் ஆயுத பூஜை அன்று கேமரா, கத்தரிக்கோல், கீபோர்டு எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. சரஸ்வதி படத்துக்கு முன்னால், அந்த வருடத்தின் சிறந்த படம் எதுவோ அதையும் வைப்பது சாருடைய வழக்கம். நெகட்டிவ் காலத்தில் அச்சுப் பிரதியை வைத்தார். பிறகு சிடியை வைத்தார். பொட்டு வைப்பது அவர் மட்டும்தான். பூஜை முடிந்ததும் அவரே உறையில் போட்டு பீரோவில் பூட்டுவார். மற்ற நேரங்களில் அவர் சிடியைத் தொடுவதில்லை.

சார் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் வச்சதுதான்.”

மினுங்கும் பக்கத்தைச் சுட்டிக் காட்டினார்.

“இந்தப் பக்கந்தான மொகம்னு நெனச்சேன், பகவதி. கண்ணாடி மாதிரி இருக்குல்லா. மறுபக்கம் எழுத்துதான கெடக்கு. சாமிக்கு முன்னால மொகத்துக்குத்தான பொட்டு வைப்போம்.”

நெகட்டிவில் யாருடைய விரல்ரேகையும் படவிடாதவர் அவர். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. பீரோவுக்குப் போய் ஒவ்வொரு வருடத்து உறையாகப் பிரித்தேன். சாதாரணப் படங்கள் இருந்த சிடிகள் எல்லாம் பளபளவென்று இருந்தன. ஒவ்வொரு வருடமும் மிகச் சிறந்தது என்று தேர்ந்த படங்கள் இருந்த சிடியில் மட்டும் சந்தனம். சுபா கையில் இப்போது இருப்பது, அவற்றில் அன்று துடைக்காமல் விட்ட ஒன்று.

இனி செய்தது இது. சுத்தமான தண்ணீரில் சிடியைக் கிடத்தி, சந்தனம் தானாக இளகும்வரை விட்டேன். தேய்த்தால் கீறும். இளகியதும் மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் எழுத்து ஓடும் திசையிலேயே விழும். டிரைவால் அதைத் தாண்ட முடியாது. பிறகு வேறு ஒரு டிரைவில் போட்டு, வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தேன். தானாக மவுண்ட் ஆவதையும் சின்னப் படம் காட்டுவதையும் முதலில் நிறுத்திவிட்டேன். சிடியிலிருந்து கோப்புகளை நேரடியாகத் திறக்கவே கூடாது. ‘டிடி ரெஸ்க்யூ’ என்று ஒரு நிரல் உண்டு. நல்ல இடங்களை முதல் சுற்றில் அள்ளிக்கொண்டு, தகராறு செய்யும் இடங்களைத் தாண்டிப் போய்விடும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். அடுத்த சுற்றில் மிச்சத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கும். டிரைவை மாற்றினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது. முதலில் எடுத்த படங்கள் உள்ளே. கடைசியில் எடுத்தவை ஓரத்தில். சந்தனம் ஓரத்தில்தான். அதனால் கயிற்றுப் படம் முதல் சுற்றிலேயே முழுதாக வந்துவிட்டது. அதற்கு அடுத்த படத்தில் அந்த ஆள் திரும்பியிருந்தார். முகம் பெரிதாகத் தெரிந்தது.

இசக்கி திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள்.

“இது அவிய இல்ல.”

இவ்வளவு காலம் அந்த முதல் பக்கத்தை விரித்து விரித்து ஊதாக்கரைத் துண்டைப் பார்த்திருப்பாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

“இதுக்குப் பொறவு எடுத்தது உண்டா அண்ணாச்சி?”

பெயர்ப் பட்டியலில் மேலும் பல கோப்புகள் இருந்தன. பெயர் இருந்தது, திறந்தால் படம் இல்லை. அடுத்த சுற்றை ஓட விட்டேன். காஜா டீ வாங்கி வந்தார். அவள் டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. சார் தன் நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டுவிட்டு நின்றார். அவர் பணி நேரத்தில் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

மத்தியானம் ஒரு படம் திறந்தது. மேலே பாதிதான். கீழே முழுவதும் சாம்பல் நிறம். அருவிப் புகை, கடைகளின் தார்ப்பாய், தார்ப்பாய்க் கம்பைப் பிடித்தபடி ஓர் ஆள். சட்டை போட்டிருந்தார். தோளில் பை. எண்ணெய் பூசிய தலை ஈரமாகாமல் படிந்து மினுங்கியது. தண்ணீரே படாத ஆள்.

“அவியதான்!” இசக்கி எழுந்துவிட்டாள். “அண்ணாச்சி, அவியதான் இது!” டீ தரையில் கொட்டியது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

காஜா என்னைப் பார்த்தார். நான் கோப்பின் எண்ணைப் பார்த்தேன். கயிற்றுப் படத்துக்கு வெகுவாகப் பிந்திய எண், வெள்ளம் வந்த பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும்.

“தண்ணி வாறதுக்கு முந்தி எடுத்ததா இருக்கும்,” என்றாள் இசக்கி. “குளிக்கப் போறதுக்கு முந்தி நிக்காவ. என்னக்கா?”

எண்ணை மட்டும் பார்த்துச் சொல்வது சரியா? கேமரா எண் தப்பாகவும் ஓடும். சார் என் பக்கம் குனிந்து, “முழுசா வரட்டும்,” என்றார்.

சிடியை மூன்றாவதாக ஒரு பழைய டிரைவுக்கு மாற்றினேன். வேகமான டிரைவ் திணறுகிற இடத்தைச் சில நேரம் பழைய டிரைவ் படித்துவிடும். மிச்சப் பகுதியைப் பின்னாலிருந்து முன்னால் படிக்கச் சொன்னேன். பிழைக் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. படத்தை மறுபடி திறந்தேன். சாம்பல் கீழே இறங்கியிருந்தது. அடியில் ஒரு பட்டை மட்டும் மிச்சம்.

தார்ப்பாய்க்குக் கீழே படிகள். படியில் செம்மண் தண்ணீர். ஓடுகிற ஆட்கள். அவர்களுக்கு நடுவில், நனைந்த சேலையோடு ஒரு பெண், கையை மேலே தூக்கி, வாயை முழுதாகத் திறந்து கத்திக்கொண்டிருக்கிறாள்.

அது இசக்கி.

அவளுக்கு மேலே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், அந்த ஆள் கம்பைப் பிடித்து நிற்கிறார். அருவியைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த கோப்பும் திறந்தது. அதே இடம். அவள் இன்னும் கத்துகிறாள். அவர் முதுகைக் காட்டி, வெறும் காலோடு, கடைகளுக்கு நடுவே நடக்கிறார். அதற்கடுத்த படத்தில் தார்ப்பாய்க் கம்பு மட்டும் இருந்தது.

காஜா சுவரோடு சாய்ந்துவிட்டார். “யா அல்லா. நாந்தான எடுத்தேன். எங்கண்ணுல படலியே...” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நானும் அவற்றைச் சிடியில் எழுதியவள்தான். எல்லோரும் தண்ணீரைத்தான் பார்த்தோம்.

இசக்கி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திரையில் தன் முகத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு விரலை மேலே நகர்த்தினாள்.

“நான் கூப்பிடுதேன். பாத்துக்கிட்டு நிக்கான்.”

சார் அவள் பக்கத்தில் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வழக்கமான அதே கேள்வி, ஆனால் நான் அதுவரை கேட்டிராத குரலில்.

“தாயி, இது அவன்தான்னு பாத்துச் சொல்லுதியா, நெனச்சுச் சொல்லுதியா?”

“பாத்துதான் சொல்லுதேன் சார். இம்புட்டு நாளும்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

அவர் எங்கே போனார், ஏன் போனார், இப்போது எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத என்னை யாரும் பழக்கவில்லை.

அச்சாகாத படத்தை வெளியாட்களுக்குக் கொடுக்க எங்கள் அலுவலகத்தில் விதி இல்லை. அந்த விதியைக் கடுமையாகக் காத்தவர் சார்தான். இசக்கி இரண்டு பிரதி கேட்டாள்.

“வக்கீலுக்கு ஒண்ணு. எங்க அத்தைக்கு ஒண்ணு. அத்தைக்குப் பெருசா வேணும், கண்ணு சரியாத் தெரியாது.”

சார் காஜாவிடம் திரும்பி, “போட்டுக் குடு,” என்றார்.

காஜா உட்கார்ந்தார். போட்டோகிராபருக்கே உள்ள பழக்கம். முக்கியமான ஆள் பெரிதாகத் தெரியட்டும் என்று, தார்ப்பாய்க் கம்பருகே நின்றவனைச் சுற்றி ஒரு கட்டம் போட்டார். படிகள் கட்டத்துக்கு வெளியே போயின. வெட்டுவதற்காக விரல் பொத்தானுக்குப் போனது.

இசக்கி அவர் கையைப் பிடித்தாள்.

“என்னைய வெட்டிராதீய அண்ணாச்சி. நான் கத்துனதும் அதுல இருக்கட்டும்.”

காஜா கட்டத்தை எடுத்துவிட்டார். படம் முழுதாக, அடியில் இருந்த சாம்பல் பட்டையோடு, அச்சாகி வந்தது.